கடல் பார்க்காத வீணை

தஞ்சாவூரிலிருந்து பெங்களூருக்கு லாரியில் போகும் சாமானுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தால், அந்தப் பிரிவுக்குப் பெயர் ‘மரைன்’! வழியில் வரும் ஒரே பெரிய தண்ணீர் காவிரிதான். அதையும் பாலத்தில் தாண்டிவிடுவார்கள். கப்பல் சரக்குக்காகப் பிறந்த வியாபாரம், கரையேறிய பிறகும் பேரை மாற்றிக்கொள்ளவில்லை. ஷரத்துகளில் பலவற்றையும்தான்.

அம்மாவின் வீணை இந்த மரைன் பாதுகாப்போடுதான் கிளம்பியது. ஒரே பலாக் கட்டையில் குடைந்த ஏகாண்ட வீணை. அம்மா போன பிறகு மூலையில் உறை போட்டு நின்றது. பெங்களூரில் தங்கை மகள் வீணை கற்றுக்கொள்ள ஆரம்பித்ததும், ‘‘மாமா, பாட்டி வீணையை எனக்குக் குடுங்களேன்’’ என்றாள். மதிப்பு 60,000 ரூபாய் என்று எழுதிக் கொடுத்து, பிரீமியமும் கட்டி அனுப்பினேன்.

போய்ச் சேர்ந்தபோது பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. உள்ளே தண்டி முறிந்து, குடத்தில் விரிசல். கொண்டுவந்த பையன், ‘‘கையெழுத்து மட்டும் போடுங்க மேடம், லேட்டாகுது’’ என்று அவசரப்படுத்தியிருக்கிறான். கெட்டிக்காரி, ‘பெட்டி நசுங்கிய நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். போட்டோவும் எடுத்து வைத்தாள்.

இரண்டு மாதம் கழித்து இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமிருந்து இரண்டு வரிக் கடிதம். ‘பேக்கிங் போதுமானதாக இல்லை. ஆகவே தங்கள் க்ளெய்ம் நிராகரிக்கப்படுகிறது.’

பேக்கிங் சரியில்லாமல் ஏற்படும் சேதத்துக்குப் பணம் கிடையாது என்ற ஷரத்து சரக்கு பாலிசிகளில் சகஜம்தான். ஆனால், இந்தப் பெட்டியைக் கட்டியது நானல்ல, பார்சல் ஆபீஸ். ‘பேக்கிங் சார்ஜ் 650 ரூபாய்’ என்று ரசீதே இருந்தது.

இரண்டு பேருக்கும் ஒரே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ‘பேக்கிங் மோசம் என்றால், காசு வாங்கிக் கட்டிய பார்சல் ஆபீஸ் பொறுப்பு. பேக்கிங் நன்றாக இருந்தது என்றால், இன்ஷூரன்ஸ் பொறுப்பு. இரண்டில் எது என்று நீங்களே பேசி முடிவுசெய்யுங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலும் வேண்டும்.’

இதில் நாள் கணக்கு முக்கியம். 2007-ம் வருட சாலைவழி சரக்குச் சட்டப்படி, லாரிக் கம்பெனி மீது வழக்குப் போட வேண்டுமானால், சரக்கு புக் செய்த 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். ‘பார்த்துக்கிட்டிருக்கோம் சார்’ என்று போனில் ஆறு மாதம் ஓட்டினால், நஷ்டம் நமக்குத்தான்.

மதிப்பை எழுதிக் கொடுப்பதும் அவ்வளவு முக்கியம். ஜெர்மனிக்கு அனுப்பிய பார்சல் போய்ச் சேராத ஒரு வழக்கில், ரசீதில் அச்சடித்திருந்த நிபந்தனைப்படி 100 டாலர்தான் என்று 1996-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அனுப்பியவருக்கு லட்சக்கணக்கில் நஷ்டம். பொடி எழுத்துக்குப் பலம் அதிகம்!

எதற்கும் பதில் வராவிட்டால், மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ம் வருடச் சட்டத்தில், நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. இதையும் கடிதத்தின் கடைசி வரியில் குறிப்பிட்டிருந்தேன்.

ஐந்தாவது வாரம் இன்ஷூரன்ஸிலிருந்து போன். ‘‘சார், பாதியில செட்டில் பண்ணிக்கலாமா?’’

‘‘அதையும் லெட்டர்ல எழுதி அனுப்புங்க சார்’’ என்றேன்.

எழுதவில்லை. ரிப்பேர் செலவு 22,000 ரூபாய், முழுசாக பேங்கில் வந்து விழுந்தது. முதலில் மறுத்ததற்கு விளக்கம் எதுவும் இல்லை.

ஆசாரி தண்டியை ஒட்டி, மெழுகை எடுத்துவிட்டு 24 மெட்டுகளையும் புதுசாகப் பதித்துக் கொடுத்தார். ‘‘நாதம் கொஞ்சம் மாறியிருக்கு மாமா’’ என்கிறாள் மருமகள். அதற்கு எந்த பாலிசியிலும் ஷரத்து கிடையாது.

நம்மில் பலர் ‘நிராகரிக்கப்படுகிறது’ என்ற வார்த்தையைப் பார்த்ததும், ஏதோ ஜட்ஜ் தீர்ப்புச் சொன்ன மாதிரி காகிதத்தை மடித்துப் பீரோவில் வைத்துவிடுகிறோம். அது எதிர்க்கட்சி வக்கீலின் வாதம். நம் முறை அதற்கப்புறம்தான் வருகிறது.