தாளை மிச்சப்படுத்தவா சாய்ந்தது?

ஆங்கிலப் புத்தகங்களில் நூற்பெயருக்கும் அழுத்தம் தரவேண்டிய சொல்லுக்கும் வருகிற சாய்வெழுத்து, அதாவது இட்டாலிக், எங்கே பிறந்தது என்று தேடப் போனால் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது. வெனிஸ் நகர அச்சாளர் ஆல்டஸ் மனூஷியஸ் தாள் செலவைக் குறைக்கக் கொண்டுவந்தார் என்பார்கள். எழுத்து ஒடுக்கமானது, தாளோ விலை கூடியது. கணக்கு சரியாகத்தான் படுகிறது. ஆனால் முழுக்க இந்த எழுத்தில் அச்சான முதல் நூலைப் பாருங்கள். 1501இல் வந்த அந்த நூல் லத்தீன் கவிஞர் வர்ஜிலின் கவிதை. கவிதையில் ஓர் அடி ஒரு வரியை எடுத்துக்கொள்ளும். எழுத்தை எவ்வளவு நெருக்கினாலும் வரிகளின் எண்ணிக்கை குறையாது. எனவே பக்கமும் குறையாது. இன்னொன்று: ஆல்டஸுக்காக எழுத்துகளை எஃகில் வெட்டிய போலோனியாக்காரர் பிரான்செஸ்கோ கிரிஃபோ, இரண்டு மூன்று எழுத்துகள் ஒட்டிக்கொண்டு வரும் கூட்டெழுத்துகளை டஜன் கணக்கில் வெட்டினார். ஒவ்வொன்றையும் தனியே வெட்டி, வார்த்து, கோப்பவரின் பெட்டியில் தனி அறை ஒதுக்க வேண்டும். சிக்கனம் தேடுகிறவர் செய்கிற வேலையா இது?

ஒடுக்கமாக இருந்ததால்தானே நீண்ட லத்தீன் அடி சிறிய பக்கத்தில் உடையாமல் நின்றது என்று கேட்கலாம். நியாயம்தான், ஆல்டஸ் அச்சிட்ட உரைநடை நூல்களில் கொஞ்சம் தாளும் மிஞ்சியிருக்கும். ஆனால் புத்தகத்தைக் கைக்குள் அடங்க வைத்தது, தாளை எட்டாக மடித்த அளவும், மூலத்தைச் சூழ்ந்து அடைத்துக்கொண்டிருந்த விரிவுரையை அவர் தூக்கி எறிந்ததும்தான். அந்தச் சிறிய அளவைக்கூட நண்பர் பியெத்ரோ பெம்போவின் குடும்ப நூலகத்துக் கையெழுத்துப் பிரதிகளிலிருந்து எடுத்ததாக வர்ஜிலின் 1514 பதிப்பில் அவரே எழுதுகிறார். எழுத்தின் வேரும் கையெழுத்தில்தான். ஃபுளோரன்ஸில் நிக்கோலோ நிக்கோலி போன்ற அறிஞர்கள் 1420களிலேயே பழைய நூல்களை வேகமாகப் படியெடுக்கச் சாய்த்து, சேர்த்து எழுதிய கை அது. கிரிஃபோ ஈயத்தில் பிடிக்கப் பார்த்தது அந்த வேகத்தைத்தான். பெரிய எழுத்துகளை மட்டும் நிமிர்ந்தே விட்டார். அழுத்தம் தருகிற வேலையெல்லாம் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. ஆல்டஸுக்கு அது நூல் முழுவதற்குமான எழுத்து.

கையெழுத்துச் சாயலைக் கழித்துவிட்டு, நேர் எழுத்தையே சாய்த்தால் போதாதா என்றும் கேட்டவர் உண்டு. 1926இல் பிரிட்டிஷ் அச்செழுத்து அறிஞர் ஸ்டான்லி மோரிசன் அப்படித்தான் வாதிட்டார். (கணினியில் தமிழ் எழுத்தைச் சாய்க்கும்போது பெரும்பாலும் நடப்பதும் இதுதான், பார்க்கவே சங்கடம்.) ஆனால் அவரது மேற்பார்வையில் 1932இல் வந்த டைம்ஸ் நியூ ரோமனின் இட்டாலிக்கில் ‘a’ என்ற சிறிய ஆங்கில எழுத்தைப் பாருங்கள். தலைமேல் கொக்கி இல்லை. பேனா பிடித்த கை எழுதுகிற அதே ஒற்றை வளைவு.