அம்மா பார்த்த ஹாக்கி

பந்து விளையாட்டு பார்ப்பது ஆண்பிள்ளைகள் சமாச்சாரம் என்று எங்கள் பக்கத்தில் ஒரு முடிவு இருக்கிறது. ஆண்கள் ராத்திரி பத்து மணிவரை மைதானத்தில் உட்கார்ந்து கத்தித் தொண்டை கட்டிப்போய் வருவார்கள். நாம் அடுப்பில் ரசத்தைச் சூடு பண்ணி வைத்துக்கொண்டு காத்திருப்போம். கோவில்பட்டியில் பிறந்து வளர்ந்த எனக்கு இது நன்றாகவே தெரியும். அந்த ஊரில் குழந்தை நடக்கத் தொடங்கினால் கையில் நடைவண்டியைக் கொடுப்பதற்கு முன்னால் ஹாக்கி மட்டையைக் கொடுத்துவிடுவார்கள் என்று கேலியாகச் சொல்வதுண்டு. அது ஆண்குழந்தைக்குத்தான் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

என் அப்பா தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதியவர். (எங்கள் ஊரில் யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ஆபீஸ்தான்.) சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் கால் நேரே மைதானத்துக்குத்தான் போகும். அம்மா வீட்டில் சட்டத்தில் குச்சி அடுக்குவாள். அடுக்கின சட்டத்துக்குத்தான் கூலி. அதனால் கைக்கு ஓய்வு கிடையாது. மைதானத்திலிருந்து 'ஹோ' என்று இரைச்சல் வரும்போது மட்டும் கை ஒரு விநாடி நிற்கும். "கோல் விழுந்திருக்கும்" என்பாள். பிறகு மறுபடி குச்சி. அப்பா வந்து சோற்றில் உட்கார்ந்ததும் முழு ஆட்டத்தையும் ஒப்பிப்பார். அம்மா கேட்டுக்கொண்டே பரிமாறுவாள். இப்படி நாற்பது வருஷத்துக்கு மேல் அவள் ஹாக்கியைக் காதால் கேட்டிருக்கிறாளே தவிர, கண்ணால் பார்த்ததில்லை.

1980-ல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் நம் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா ஸ்பெயினை 4-3 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கியபோது நான் தொட்டிலில் கிடந்தேனாம். அப்பா டீக்கடை ரேடியோவில் கேட்டுவிட்டு, கடலைமிட்டாயை வாங்கிக்கொண்டு ஓடிவந்து தெருவெல்லாம் கொடுத்தாராம். அந்த மாதம் அரிசிக்காரனுக்குப் பாக்கி நின்ற கதையையும் அம்மா கூடவே சேர்த்துத்தான் சொல்லுவாள்.

போன கார்த்திகையில் அப்பா தவறிவிட்டார். தம்பி திருப்பூரில் ஒற்றை அறையில் குடும்பம் நடத்துகிறான். அம்மாவை நான்தான் ஓட்டப்பிடாரத்துக்கு அழைத்து வந்தேன். மகன் இருக்கும்போது மகள் வீட்டில், அதுவும் சம்பந்தியம்மாள் இருக்கிற வீட்டில், நிரந்தரமாகத் தங்குவது எவ்வளவு கூச்சமான காரியம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் மாமியார் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னவரில்லை. ஆனாலும் அம்மா நடுவீட்டுக்கு வரமாட்டாள். பின்கட்டில் ஒரு மூலை. இட்லி இரண்டு வைத்தால் ஒன்றை எடுத்து வைத்துவிடுவாள். பேச்சும் குறைந்தது, எடையும் குறைந்தது. அவளுக்குச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உண்டு. டாக்டரம்மா பரிசோதித்துப் பார்த்துவிட்டு, "மாத்திரை வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. இவங்களை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள், நாலு மனுஷரைப் பார்க்கட்டும்" என்றார். வெளியே என்றால் எங்கே? கோயிலுக்குக் கூப்பிட்டால் வருஷம் திரும்பட்டும் என்றாள். கல்யாண வீடுகளுக்குக் கூப்பிடவே முடியாது. புருஷனை இழந்தவள் வருஷத்துக்குள் நல்லகாரியத்துக்குப் போகக்கூடாது என்று அவளே முதலில் சொல்லிவிடுவாள்.

மே மாதத்தில் ஒருநாள், கோவில்பட்டியில் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடக்கிறது என்று என் மகள் பேப்பரைப் பார்த்துச் சத்தமாகப் படித்தாள். பின்கட்டிலிருந்து குரல் வந்தது: "யார் யாரு ஆடுதாகளாம்?"

ஆறு மாதத்தில் அவளாக வாய்திறந்து கேட்ட முதல் கேள்வி அது.

"அம்மா, போவமா?" என்றேன். "போட்டி, கிறுக்கி" என்றாள். ஆனால் அன்று ராத்திரி என் மகளிடம் போட்டி எந்த மைதானத்தில் என்று கேட்டிருக்கிறாள். கிருஷ்ணா நகர் செயற்கைப் புல்தரை மைதானம் என்று சொன்னதும், "அது புதுசு. தாத்தா கடைசிவரை அங்கதான் போவாக" என்றாளாம்.

செய்தி தெருவுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டம்மா, "வருஷம்கூடத் திரும்பலை, பந்து விளையாட்டுப் பார்க்கவா?" என்று என் காதுபடவே கேட்டாள். அம்மா காதிலும் விழுந்திருக்கும். அன்று சாப்பிடவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்குள் என் மாமியார் எழுந்து பின்கட்டுக்குப் போய், "மைனி, நல்லகாரிய வீட்டுக்குத்தான் போகப்படாது. இது அண்ணன் தினம் போன இடம். நீங்க போயிட்டு வாங்க. மாத்திரையை மட்டும் மறந்துராதீக" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. மாமியார் என்றாலே எதிர்க்கட்சி என்று கதை எழுதுகிறவர்கள் இதையும் கொஞ்சம் எழுதலாம்.

இனி என் கவலை வேறு. அம்மா பஸ் ஏறுவதென்றால் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. ஏனென்று கேட்டால், "போற இடத்துல எங்க ஒதுங்குறது?" நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். மே மாதக் கரிசல்காட்டு வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் தலைசுற்றும், நீர்க்கடுப்பு வரும். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று இன்னும் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். அதனால் வழியை முதலில் யோசித்தேன். ராத்திரி ஆட்டம் முடிந்து திரும்ப பஸ் தேட வேண்டாம். பழைய தெருவில் அம்மாவின் சிநேகிதி வீட்டிலேயே தங்கிக்கொள்வது. மாலையில் அங்கே போய் இறங்கி, முகம் கழுவி, ஒதுங்கிவிட்டு, பிறகு மைதானம். இதைச் சொன்ன பிறகுதான் அம்மா மோரை வாங்கிக் குடித்தாள். பையில் எலுமிச்சம்பழச் சாதம், மாத்திரை, ஒரு பொட்டலம் குளுக்கோஸ். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால் திடீரென்று சர்க்கரை இறங்கி வேர்த்துக்கொட்டும். அப்போது கடலைமிட்டாயைக் கொடுத்துப் பயனில்லை, கடலையிலுள்ள கொழுப்பால் அது மெதுவாகத்தான் ஏறும். குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோதான் சட்டென்று கை கொடுக்கும். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கின மிட்டாயைக் குறை சொல்வதாக எங்கள் ஊர்க்காரர்கள் கோபிக்க வேண்டாம்!

பசுவந்தனை வழியாக நான், அம்மா, மகள் மூன்று பேரும் போனோம். மைதானத்தில் விளக்குகளைப் போட்டிருந்தார்கள். அம்மா படி ஏறி உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே பார்த்தாள். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் தரையெங்கும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். அவ்வளவுதான், அம்மாவுக்கு வந்தது பாருங்கள் கோபம்!

"ஏட்டி, என்னத்துக்கு இம்புட்டுத் தண்ணி? எத்தனை குடம் இருக்கும்?"

ஒரு குடம் தண்ணீருக்கு அடிபம்பில் வரிசை நின்றவளுக்குக் கோபம் வரத்தானே செய்யும்? அது புல்லுமில்லை, மண்ணுமில்லை, நார்விரிப்பு. ஈரமாக இருந்தால்தான் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும், விழுகிற பையன்களின் தோலும் உரியாமல் இருக்கும் என்று மகள் விளக்கினாள். உலகமெங்கும் இப்போது குறைந்த தண்ணீரில் ஆடக்கூடிய விரிப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். "சீக்கிரம் தேடட்டும்" என்றாள் அம்மா.

ஆடியவர்களில் ஒரு பக்கம் வடக்கிலுள்ள ஒரு வங்கியின் அணி. இன்னொரு பக்கம் ராணுவத்துப் பையன்கள். இந்தப் பிள்ளைகளுக்கு விளையாட்டுதான் உத்தியோகம். ரயில்வே, வங்கி, எண்ணெய்க் கம்பெனி, ராணுவம் எல்லாம் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கொடுத்து, தங்கள் அணிக்கு ஆட வைக்கின்றன. தீப்பெட்டி ஒட்டிய வீடுகளில் ஒரு மட்டைக்கு ஏன் அவ்வளவு மரியாதை என்பது இதில்தான் இருக்கிறது. மட்டை பிடித்த பையன் மாதச் சம்பளத்துக்குப் போய்விடுவான். கோவில்பட்டியில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதி உண்டு. அங்கே பயின்ற அரியலூர்ப் பையன் கார்த்தியும், உள்ளூர் மாரீஸ்வரனும் 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கே ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிராகக் கார்த்தி கோல் போட்ட அன்று அப்பாவின் குரல் போனில் எப்படி இருந்தது என்பது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது ஏலமும் வந்துவிட்டது. இடையில் நின்றுபோன ஹாக்கி இந்தியா லீக்கை 2024 டிசம்பரில் மறுபடி தொடங்கினார்கள். அதற்கான ஏலத்தில் ஹர்மன்ப்ரீத் சிங் 78 லட்சத்துக்குப் போனார். பெண்களுக்கும் முதல் தடவையாக லீக் வைத்தார்கள். அதில் அதிகபட்சம் உதிதா துஹான், 32 லட்சம். மகள் இதைச் சொன்னதும் அம்மா, "மாட்டுச்சந்தை மாதிரியா?" என்று முகம் சுளித்தாள். கொஞ்சம் கழித்து, "பொம்பளப்பிள்ளைக்கு ஏன் பாதிகூட இல்லை?" என்றாள். என் மகளிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. பந்து வட்டத்துக்குள் யாரோ ஒருவன் காலில் பட்டது. நடுவர் கையைக் காட்டுவதற்கு முன்னால் அம்மா, "ஷார்ட் கார்னர்!" என்றாள். அதேதான் கொடுத்தார்கள். மகள் வாயைப் பிளந்துவிட்டாள். "ஆச்சி, உனக்கு எப்படித் தெரியும்?" "உங்க தாத்தா சொல்லிச் சொல்லித்தான். சோத்துத் தட்டுல அப்பளத்தை வச்சு இதான் வட்டம்பாக." ஆனால் அவளுக்குத் தெரிந்த ஹாக்கி பழைய ஹாக்கி. முப்பத்தைந்து நிமிஷம் இரண்டு பாதி என்று நினைத்திருந்தாள். இப்போது பதினைந்து நிமிஷமாக நான்கு கால் பாகம். ஆஃப்சைடு ஏன் கொடுக்கவில்லை என்று சத்தம் போட்டாள். முன்வரிசையில் இருந்த பெரியவர் திரும்பி, "அதெல்லாம் 1990-களிலேயே எடுத்துட்டாங்கம்மா" என்றவர், அம்மாவை உற்றுப் பார்த்தார். "அண்ணி… நீங்க கணக்கப்பிள்ளை அண்ணன் வீடுதானே?"

அப்பாவோடு முப்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவராம். துக்கம் விசாரித்தார். பிறகு பேச்சு எங்கெங்கோ போய், "அண்ணன் கை யாருக்குத் தெரியும்? தெருக்கோடியில அப்பனில்லாத பையன் ஒருத்தன். நாலு வருஷம் அவனுக்கு மட்டையும் பூட்சும் அண்ணன்தான்" என்றார்.

அம்மா பேசவில்லை. எனக்கு அடிவயிறு கலங்கியது. ஏனென்றால் 1994-ல் தம்பிக்கு டைபாய்டு வந்தபோது அம்மா தன் ஒரே சோடிக் கம்மலை அடகு வைத்தாள். மீட்கப் பணமில்லாமல் அது மூழ்கிப்போனது. அந்தக் காலத்தில் அப்பா சம்பளத்தில் மாதாமாதம் ஏதோ குறைகிறது என்று அவளுக்கு ஒரு சந்தேகம். சீட்டா, குடியா என்று தனக்குள் புழுங்கி, ஒருதரம் என்னிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். அப்பாவிடம் கேட்டதேயில்லை. அதற்குப் பிறகு அவள் காதில் கவரிங்தான்.

ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அம்மாவின் கை தானாகக் காதுக்குப் போயிற்று. என்ன சொல்லுவாளோ என்று நான் அவள் முகத்தையே பார்த்தேன். வெகுநேரம் கழித்து அந்தப் பெரியவரைக் கூப்பிட்டாள்.

"அந்தப் பையன் என்ன ஆனான்?"

"ரயில்வேல வேலைக்குப் போயிட்டான் அண்ணி. வீடு கட்டிட்டான். ரெண்டு பிள்ளைக."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது துக்கமா, கோபமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். பிறகு, "சோத்தை எடு, மாத்திரைக்கு நேரமாச்சு" என்றாள். இரண்டு கை எலுமிச்சம்பழச் சாதம் கூடுதலாகவே சாப்பிட்டாள். தண்ணீர் வேண்டுமா என்று நான் கேட்காமலேயே பாட்டிலை வாங்கிக் குடித்தாள். கடைசிக் கால் பாகத்தில் இன்னொரு கோல் விழுந்தபோது, அந்தக் காலத்தில் குச்சி அடுக்கும்போது கேட்ட அதே 'ஹோ' எங்களைச் சுற்றி எழுந்தது. அம்மாவும் எழுந்து நின்றிருந்தாள். முழங்கால் வலி எங்கே போயிற்றோ!

அன்று ராத்திரி சிநேகிதி வீட்டு மொட்டைமாடியில் இரண்டு பேரும் விடியவிடியப் பேசிக்கொண்டிருந்தார்கள். கம்மல் கதையும் அதில் இருந்திருக்கும். நான் தூங்கிவிட்டேன்.

மறுநாள் ஊருக்கு வந்து இறங்கினோம். வாசல் தெளித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா ஒரு மாதிரியான குரலில், "என்ன, ஆட்டம் பார்த்தாச்சா?" என்று கேட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அம்மா நின்று நிதானமாகப் பதில் சொன்னாள்:

"ரெண்டுக்கு ஒண்ணு. ரெண்டு கோலும் ஷார்ட் கார்னர்ல விழுந்தது. பைனலுக்கு நீயும் வாரியா? வர்றதா இருந்தா நல்லாத் தண்ணி குடிச்சுட்டு வரணும், ஆமா."