பதிவுப் புத்தகமும் வண்டியும் ஒன்று சொல்லட்டும்



பழைய கார் ஒன்றை வாங்கும்போது நாம் எதைப் பார்க்கிறோம்? நிறத்தைப் பார்க்கிறோம், டயரைத் தட்டிப் பார்க்கிறோம், என்ஜினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்கிறோம், விலையில் ஆயிரமோ ஐயாயிரமோ குறைக்கச் சொல்கிறோம். ஆர்.சி. புத்தகத்தில் உரிமையாளர் பெயரையும் வண்டி எண்ணையும் கண்டால் போதும் என்று பையில் வைத்துக் கொள்கிறோம். அந்தப் புத்தகத்தில் எழுதியிருப்பதும் எதிரே நிற்கும் வண்டியும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்ப்போர் நம்மில் மிகச் சிலரே. அந்த ஒப்பீட்டைச் செய்யாமல் விட்டால் ஒரு குடும்பத்துக்கு என்ன நேரும் என்பதை அருகிலிருந்து கண்டவன் என்ற முறையில் இதனை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சேலத்துக்குத் தெற்கே உள்ள பனமரத்துப்பட்டி. அரளிப் பூவுக்குப் பேர்போன ஊர். பொழுது விடியுமுன் பூ மூட்டைகள் சேலம் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். என் அக்காவின் கணவர், அதாவது என் மச்சான், பூ வியாபாரி. 2012இல் பதிவான ஆம்னி வேன் ஒன்றை 2021இல் வாங்கினார். முந்தைய உரிமையாளர் அதில் எரிவாயுச் சாதனம் பொருத்தியிருந்தார். பெட்ரோல் விலை உயர்ந்திருந்த நேரம். மச்சானுக்கு அது பெரும் வசதியாகத் தோன்றிற்று. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் என்ற இடத்தில் ‘பெட்ரோல்’ என்று மட்டுமே இருந்தது. பாலிசியிலும் அப்படியே.

மறு ஆண்டு மழைக் காலத்தில் ஒருநாள் அதிகாலை, பனமரத்துப்பட்டி பிரிவு அருகே வண்டி சறுக்கிச் சாலைத் தடுப்பில் மோதியது. அல்லாஹ்வின் அருளால் யாருக்கும் காயமில்லை. முன்பகுதி நசுங்கிற்று. பழுது பார்க்க 38,000 ரூபாய் ஆகும் என்றார்கள். முழுக் காப்பீடு இருக்கிறதே என்று மச்சான் நிம்மதியாக இருந்தார். காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்தார், பின்கதவைத் திறந்தார், வாயு உருளையைப் படம் எடுத்துக்கொண்டார். சில வாரங்களில் கடிதம் வந்தது: வண்டியில் செய்த மாற்றம் பதிவுச் சான்றில் இல்லை, நிறுவனத்துக்கும் அறிவிக்கப்படவில்லை, ஆகவே இழப்பீடு தருவதற்கில்லை.

“நான் பொருத்தியதல்லவே மாமு, வாங்கும்போதே இருந்ததுதானே!” என்று மச்சான் என் அத்தாவிடம் முறையிட்டார். அத்தா அமைதியாகக் கேட்டார்: “பணம் போனது போகட்டும், மாப்பிள்ளை. அந்த வண்டியில்தானே தெருப் பிள்ளைகள் ஆறு பேரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிறீர்கள்? அந்த உருளையை யார் சோதித்தார்கள்? எப்போது சோதித்தார்கள்?” மச்சானிடம் பதிலில்லை. சாதனம் வாங்கிய ரசீதும் இல்லை, உருளைக்குச் சோதனைச் சான்றும் இல்லை.

வாசகர்களே, சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சற்றே பார்ப்போம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவு: பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்த அமைப்புக்கு மாறாகும்படி எந்த வாகன உரிமையாளரும் தம் வண்டியை மாற்றலாகாது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதனை ஐயத்துக்கு இடமின்றி உறுதிப்படுத்திற்று. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தது.

அப்படியானால் எதையுமே மாற்றக் கூடாதா? அப்படியன்று. அங்கீகாரம் பெற்ற எரிவாயுச் சாதனத்தைப் பொருத்த அதே 52ஆம் பிரிவு வழி விடுகிறது. சமையல் வாயுவைப் போன்ற எல்.பி.ஜி.யை வாகன எரிபொருளாக்க 2000ஆம் ஆண்டிலேயே சட்டம் இடம் தந்துவிட்டது. வேண்டுவது அனுமதியும் பதிவும்தான்.

இத்துணைக் கெடுபிடி ஏன் என்று சிலர் கேட்கிறார்கள். நாம் விடும் புகையை நாம் மட்டும் சுவாசிப்பதில்லை என்பதே விடை. மாசு நெறிகள் படிப்படியாக இறுகின. பாரத் ஸ்டேஜ் 4 நெறி 2017 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் வந்தது. அடுத்து, ஐந்தாம் படியைத் தாண்டி, 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 வந்தது. டீசல் கார் ஒன்று கிலோமீட்டருக்கு விடக்கூடிய நைட்ரஜன் ஆக்சைடு 0.25 கிராமிலிருந்து 0.08 கிராமாகக் குறைக்கப்பட்டது. எரிபொருளில் உள்ள கந்தகம் பத்து லட்சம் பங்கில் 50 பங்கிலிருந்து 10 பங்காக இறங்கிற்று. புகைக் குழாயில் உள்ள வினையூக்கி மாற்றியும், டீசல் வண்டிகளில் உள்ள கரித்துகள் வடிகட்டியும் இதற்காகவே வைக்கப்பட்டவை. ‘பிக்கப் கிடைக்கும், மைலேஜ் கூடும்’ என்று பட்டறையில் அவற்றைக் கழற்றிப் போடுவோர் உண்டு. கழற்றிய பிறகு அந்த வண்டி எந்த நெறியின் கீழ்ப் பதிவாயிற்றோ அந்த நெறிக்குரிய வண்டியாக இருப்பதில்லை. மாசு வரம்பை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு.

பெரிய நிறுவனமும் இதில் தப்பவில்லை. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம், சோதனையின்போது மட்டும் குறைவாகப் புகை விடும் மென்பொருளை உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் டீசல் வண்டிகளில் வைத்திருந்தது 2015 செப்டம்பரில் அம்பலமாயிற்று. கோடிக்கணக்கான டாலர்களை அது அபராதமாகச் செலுத்தியது. அதே ஜெர்மனியில் தனிமனிதர் தம் காரின் புகைக் குழாயை அனுமதியின்றி மாற்றினாலும் அந்த வண்டி சாலையில் ஓடும் தகுதியை இழக்கிறது.

காப்பீட்டைப் பற்றியும் ஒரு சொல். காப்பீடு கூடுமா, கூடாதா என்ற பேச்சு நம் இல்லங்களில் நெடுநாளாக உண்டு. அதில் நுழைவது என் நோக்கமன்று. ஆனால் மூன்றாம் நபர் காப்பீடு என்பது 146ஆம் பிரிவு விதித்த கட்டாயம். அது நமக்காக எடுப்பதன்று. நம் வண்டியால் அடிபடக்கூடிய, பெயரும் ஊரும் தெரியாத ஒருவருக்காக எடுப்பது. அவர் சைக்கிளில் போகும் கூலித் தொழிலாளியாக இருக்கலாம். பூ பறிக்கப் போகும் தாயாக இருக்கலாம். இந்தக் கோணத்தில் பார்த்தால், பாலிசியில் உண்மையை எழுதுவது அந்த மனிதருக்கு நாம் செலுத்தும் அமானிதம் ஆகும். பாலிசி நிபந்தனை மீறப்பட்ட வழக்குகளில், பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் ஆணையிட்டதுண்டு. பல லட்சம் ரூபாய் இழப்பீட்டை ஒரு பூ வியாபாரி எங்கிருந்து கட்டுவார்? வீட்டை விற்றுத்தான் கட்ட வேண்டும்.

புகைச் சான்று இல்லாத வண்டிக்குக் காப்பீட்டைப் புதுப்பிக்கலாகாது என்று 2017 ஆகஸ்ட் 10 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. இதனால் காப்பீடே இல்லாத வண்டிகள் பெருகி, அடிபட்டவர்கள் இழப்பீடின்றித் தவிப்பார்கள் என்று எடுத்துரைக்கப்பட்டதும், 2024 ஜூலையில் அந்த நிபந்தனையை நீதிமன்றம் நீக்கிற்று. ஆகவே புகைச் சான்று தேவையில்லை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். சான்று இன்றும் கட்டாயமே.

இனி மச்சான் என்ன செய்தார் என்பதைச் சொல்கிறேன், உங்களுக்கும் பயன்படும். முதலில் பழைய சாதனத்தை முற்றாகக் கழற்றினார். மூன்று மாதம் பெட்ரோலிலேயே ஓட்டினார். பணம் சேர்ந்ததும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன் அனுமதி பெற்று, அங்கீகாரம் பெற்ற பொருத்தும் நிலையத்துக்கு வண்டியைக் கொண்டு போனார். சாதனத்துக்குப் புனேயிலோ மானேசரிலோ உள்ளவை போன்ற சோதனை நிலையத்தின் ஒப்புதல் இருக்கிறதா, அந்த ஒப்புதல் அவருடைய வண்டியின் என்ஜின் அளவுக்கும் மாசு நெறிக்கும் பொருந்துகிறதா என்று கேட்டுப் பார்த்த பிறகே பொருத்தச் சொன்னார். ரசீது, பொருத்திய சான்று, உருளையின் சோதனைச் சான்று மூன்றையும் கையோடு வாங்கிக்கொண்டார். மாற்றம் செய்த 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்வையிட்டார். ஆர்.சி.யில் ‘பெட்ரோல், எல்.பி.ஜி.’ என்று ஏறிற்று. அதன் நகலைக் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தார்.

அதற்கு எவ்வளவு கூடுதல் ப்ரீமியம் ஆயிற்று என்று நினைக்கிறீர்கள்? வண்டிச் சேதப் பகுதிக்குச் சாதன மதிப்பில் 4 விழுக்காடு. மூன்றாம் நபர் பகுதிக்கு 60 ரூபாய். 30,000 ரூபாய்ச் சாதனம் என்றால் 1,200 ரூபாயும் அந்த 60 ரூபாயும் வரியும்தான். இந்தச் சிறு தொகையை முந்தைய உரிமையாளர் மிச்சம் பிடித்ததால் மச்சான் 38,000 ரூபாய் இழந்தார்.

இன்னொன்றையும் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். வீட்டுச் சமையல் உருளையிலிருந்து வண்டிக்கு வாயு ஏற்றும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வாகன உருளையில் 80 விழுக்காடு நிரம்பியதும் தானே அடைத்துக்கொள்ளும் வால்வு உண்டு. வீட்டு முற்றத்தில் மோட்டார் வைத்து ஏற்றும்போது கசியும் வாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுப்பங்கரை வரை வரும். அது சட்டப்படி குற்றம் என்பதைவிட, அந்த முற்றத்தில் நம் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்பதே பெரிது. உங்கள் வீட்டு ஆண்கள் அதைச் செய்தால் தடுத்து நிறுத்துங்கள்.

புதிய வண்டி வைத்திருப்போருக்கும் ஒரு செய்தி. பாரத் ஸ்டேஜ் 6 பெட்ரோல் வண்டிகளிலும் எரிவாயுச் சாதனம் பொருத்த 2022 ஆகஸ்டில் மத்திய அரசு அனுமதி அளித்தது. அந்த வண்டிக்கென ஒப்புதல் பெற்ற சாதனமே பொருத்தப்பட வேண்டும். பழைய வண்டியின் சாதனத்தைக் கழற்றி மாட்டுவது ஆகாது. 15 ஆண்டு நிறைந்த கார்களுக்குப் பதிவைப் புதுப்பிக்கும்போது வண்டி நேரில் பார்வையிடப்படும். அப்போது மறைத்த மாற்றங்கள் வெளிப்படும். 2022 ஏப்ரலில் இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2025இல் மேலும் கூடிற்று. கட்டணத்தோடு அபராதமும் சேர்ந்தால் பழைய வண்டியின் விலையையே அது விழுங்கிவிடும்.

ஆகவே அன்பர்களே! இன்று மாலை வண்டிச் சாவியை எடுக்குமுன் ஆர்.சி.யையும் பாலிசியையும் எடுத்து வையுங்கள். என்ஜின் எண், அடிச்சட்ட எண், எரிபொருள், இருக்கைகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக வண்டியோடு ஒப்பிடுங்கள். மாறுபாடு இருந்தால் ஒன்று கழற்றிவிடுங்கள். அல்லது முறைப்படி எழுத்தில் ஏற்றுங்கள். பழைய வண்டி வாங்குவோர் முன்பணம் கொடுக்குமுன்பே இதைச் செய்யுங்கள். அரை மணி நேர வேலைதான். நம் பிள்ளைகளுக்கும், சாலையில் நமக்கு எதிரே வரும் யாரோ ஒருவருக்கும் அதில் பாதுகாப்பு இருக்கிறது.

வஸ்ஸலாம்.