ஒரே மேசையில் தந்தையும் மகனும்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் வீட்டுக்கல்வியைப் பற்றிப் பேசுவோர், 1806ஆம் ஆண்டு லண்டனில் பிறந்த தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்லைச் சுட்டும்போது, மூன்று வயதில் கிரேக்கம், எட்டு வயதில் லத்தீன் என்ற வயதுக் கணக்கோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறார்கள். அவர் மறைந்த 1873இல் வெளிவந்த தன்வரலாற்றை நிதானமாகப் படிப்பவரை அந்தக் கணக்கைவிட வியக்கவைப்பது, அவருடைய தந்தை ஜேம்ஸ் மில்லின் எழுதுமேசையைப் பற்றிய சிறு குறிப்பாகும்.

அக்காலத்துக் கிரேக்க அகராதிகள் சொற்களுக்கு லத்தீனில்தான் பொருள் கூறின. லத்தீன் தொடங்காத சிறுவனுக்கு அவற்றால் பயனில்லை. ஆகவே, தந்தை எழுதிக்கொண்டிருந்த அதே மேசையில் உட்கார்ந்து படித்த மகன், தெரியாத சொல் வரும்போதெல்லாம் அவரையே கேட்டான். 1817ஆம் ஆண்டைத் தாங்கி அச்சான பிரிட்டிஷ் இந்திய வரலாறு என்னும் பெருநூலைத் தந்தை அப்போது எழுதிக்கொண்டிருந்தார். குடும்பமோ அவருடைய எழுத்து வருமானத்தை நம்பி இருந்தது. பொறுமை என்பதே அவர் இயல்பில் இல்லை என்பதை மகனே பதிவு செய்கிறார். அத்தகையவர் ஓயாத அந்தக் குறுக்கீட்டைப் பொறுத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் எழுதுகோலை நிறுத்திப் பொருள் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து எழுதினார். நூல் அச்சேறியபோது, தந்தை மெய்ப்பை, அதாவது பிழை பார்ப்பதற்காக முன்னதாக அச்சிட்டு எடுக்கும் தாளைத் திருத்த, மகன் கையெழுத்துப் படியை உரக்கப் படித்துக்காட்டினான். பெரியவர் ஒருவர் உண்மையான வேலையில் ஆழ்ந்திருப்பதையும், அந்த வேலையில் தனக்கும் ஒரு பங்கு கிடைப்பதையும் நாள்தோறும் கண்ட பிள்ளைக்குக் கல்வி தனிச் சடங்காகத் தோன்றியிருக்க முடியாது.

காலையுணவுக்கு முன், லண்டனை அடுத்த ஹார்ன்சிப் பக்கத்துப் பசுமையான சந்துகளில் தந்தை நடக்கும்போது மகனும் உடன் செல்வான். முந்தின நாள் படித்ததைக் காகிதத் துண்டுகளில் குறித்துவைத்துக்கொண்டு, நடந்தபடியே கதையாகச் சொல்வான். தந்தை இடையிடையே அரசு, நாகரிகம் முதலியவற்றை விளக்கி, அவ்விளக்கத்தை மகன் தன் சொற்களில் திரும்பச் சொல்லும்படி கேட்பார். வீட்டில் கதைப்புத்தகங்கள் மிகக் குறைவு. இருந்த ராபின்சன் குரூசோ சிறுவயது முழுவதும் மகனை மகிழ்வித்தது.

ஆயினும் இக்கல்வியை முழுமையாகப் போற்றுவதற்கில்லை. வேலைப் பழக்கம் கெட்டுவிடும் என்று விடுமுறையே தரப்படவில்லை. தந்தையிடம் மூத்த பிள்ளைகளுக்கு அன்பைவிட அச்சமே மிகுந்திருந்தது. தான் கற்றதைத் தம்பி தங்கையருக்கும் கற்பிக்கும் சுமை சிறுவனின் தலையில் விழுந்தது, அது அவனுக்குப் பிடிக்கவுமில்லை. ஒன்பது பிள்ளைகளைப் பெற்ற தாயைப் பற்றி அச்சான தன்வரலாற்றில் ஒரு சொல் கூட இல்லை. வீட்டிலே நடந்த கல்வியின் வரலாற்றில் வீட்டின் பாதி காணாமற்போனதை எளிதில் கடந்துவிட முடியாது. இருபது வயதில், 1826இல், மில் ஆழ்ந்த மனச்சோர்வில் வீழ்ந்தார். ஆய்ந்து பகுத்துப் பார்க்கவே பழக்கிய கல்வி உணர்வுகளை வற்றச் செய்துவிட்டது என்று பின்னர் அவரே காரணம் கண்டார். 1828இல் ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளைப் படித்ததும் அவர் மீள்வதற்குத் துணைசெய்தது.

எனவே மில்லின் வாழ்விலிருந்து வீட்டுக்கல்விக்குக் கொள்ளத்தக்கவை அந்த மேசையும் நடையுமே; பாடப்பட்டியல் அன்று. இந்தியாவைக் கண்ணாற் காணாமலும் அதன் மொழிகளை அறியாமலும் தந்தை எழுதிய வரலாற்றின் தீர்ப்புகளைப் பிற்கால ஆய்வாளர்கள் கடுமையாக மறுத்துவிட்டார்கள். அந்த வரலாறு எழுதப்பட்ட மேசையில் சொற்பொருள் கேட்டுக் குறுக்கிட்ட பிள்ளையின் நூல்கள் இன்றும் படிக்கப்படுகின்றன.