நாலு கம்பி, ஐந்து கம்பி

ஜூன் 3

பெரம்பூர் அங்கிள் போன் செய்தார். தன்னுடைய ஜப்பான் ஃபெண்டர் பிரசிஷன் பாஸ் கிட்டாரைக் கொடுத்துவிடப் போகிறாராம். விரல் மூட்டுகளில் வாதம். மருந்தும் எண்ணெயும் மாற்றிமாற்றிப் பார்த்துவிட்டார், கை மடங்கவில்லை. கப்பல் பேண்டில் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் டோக்கியோவில் வாங்கியது அது. சீரியல் எண் ஜே.வி. என்று தொடங்குகிறது என்றார். அதைக் கேட்டதும் வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

ஃபெண்டர் நிறுவனம் 1982-இல் ஜப்பானில் கால் வைத்தது. மாட்சுமோட்டோ ஊரில் உள்ள ஃபூஜிஜென் தொழிற்சாலைதான் அவர்களுக்காக கிட்டார் செய்து கொடுத்தது. அமெரிக்க ஃபெண்டரின் தரம் எழுபதுகளில் இறங்கியிருந்தது. ஜப்பானியர்களோ ஃபெண்டரைப் பார்த்துச் செய்த நகல்களை அசலே கூசும் அளவுக்குச் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களோடு மோதுவதைவிட அவர்களிடமே செய்யச் சொல்லலாம் என்று நிறுவனம் முடிவெடுத்தது. 1957, 1962 போன்ற பழைய மாடல்களின் வடிவத்தில் அங்கே பிறந்த முதல் வரிசைக்குத்தான் ஜே.வி. எண்கள். 1984 வரைதான் அந்த எண் வந்தது. அசல் 1962 பாஸ் என்னைப் போன்ற ஒருவன் விலை கேட்கக்கூடிய பொருள் அல்ல. ஜே.வி. அப்படியல்ல.

ஜூன் 5

பெரம்பூர். பெட்டியைத் திறந்ததும் பழைய லாக்கர் வாசனை. வெயில் நிறம் மங்கிய சன்பர்ஸ்ட். முழங்கை படும் இடத்தில் பெயின்ட் போய் மரம் தெரிகிறது.

"முதல்ல நெக்கைப் பாரு மேன். பெயின்ட் எல்லாம் அப்புறம்," என்றார் அங்கிள்.

அவர் சொன்னது சரி. பாஸ் வாங்கப்போகிறவர்கள் நிறத்திலும் தலையில் உள்ள பெயரிலும் மயங்குகிறார்கள். நாலு கம்பிகளும் சேர்ந்து அந்த நெக்கைச் சுமார் 75 கிலோ விசையோடு இழுத்துக்கொண்டே இருக்கின்றன, அதுவும் நாற்பது வருடமாக. உள்ளே ஓடும் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பிதான் எதிர்ப்பக்கம் இழுத்து நெக்கை நிமிர்த்தி வைத்திருக்கிறது. அது முழுக்க முறுக்கித் தீர்ந்திருந்தால், எவ்வளவு அழகான பாஸாக இருந்தாலும் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும்.

கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே உள்ள இடைவெளியைப் பார்த்தேன். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடம் இருந்தது. இருக்க வேண்டியதும் அவ்வளவுதான். ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசித்தேன். ஐந்தாவது, ஏழாவது ஃப்ரெட்டுகளில் கம்பி பதிந்த தடம் இருக்கிறது, ஆழமில்லை. நெக்கின் வாலில் இருந்து பார்வையை ஓட்டினால் முறுக்கு எதுவும் இல்லை. டியூனிங் சாவிகள் நான்கும் அசல். பிக்கப் இரண்டு துண்டும் சமமாகப் பேசுகின்றன. குமிழைத் திருப்பும்போது கரகரக்கிறது, அது தூசு.

நெக்கைக் கழற்றிப் பார்க்கலாமா என்று தயங்கித்தான் கேட்டேன். ஸ்க்ரூடிரைவரை அவரே எடுத்துக் கொடுத்தார். நெக்கும் உடலும் ஒரே காலத்தவைதானா, யாராவது உள்ளே கைவைத்திருக்கிறார்களா என்பது அந்த மூட்டைத் திறந்தால்தான் தெரியும். அமெரிக்க ஃபெண்டர் என்றால் நெக்கின் அடியில் பெரும்பாலும் தேதி இருக்கும். குமிழுக்குக் கீழே உள்ள பாட் (பொட்டென்ஷியோமீட்டர்) என்ற பாகத்தின் முதுகிலும் எண் இருக்கும். 137 என்று தொடங்கினால் சி.டி.எஸ். கம்பெனி, அடுத்து வருடம், அடுத்து வாரம். 1376633 என்றால் 1966-ஆம் ஆண்டின் 33-ஆவது வாரம் செய்த பாட். பாட் அசல் என்றால் பாஸ் அதற்கு முன்பு பிறந்திருக்க முடியாது. விற்பவர் 1964 என்று சத்தியம் செய்தாலும் அந்த எண் மாறாது. அங்கிளின் பாஸில் எல்லாம் ஒரே குடும்பம். ஸ்க்ரூ துளைகள்கூட நைந்து போகவில்லை.

வாங்கிவிட்டேன். பேரம் பேசவில்லை. நாற்பது வருடம் ஒருவர் இப்படிக் காப்பாற்றிக் கொடுக்கிற பொருளுக்குப் பேரம் பேசக் கூடாது என்பது என் கட்சி.

ஜூன் 8

ஸ்ட்ரிங் மாற்றினேன். ரவுண்ட்வவுண்டைக் கழற்றிவிட்டு ஃப்ளாட்வவுண்ட். மேலே சுற்றும் கம்பி உருண்டையாக இருந்தால் ரவுண்ட். தட்டையான நாடாவாக இருந்தால் ஃப்ளாட். ரவுண்ட் பளிச்சென்று பேசும், விரல் நகரும்போது கீச்சென்று சத்தம் வரும், நோட் நீண்டு நிற்கும். ஃப்ளாட் வழுவழுப்பு, நோட் தொம்மென்று விழும், சீக்கிரம் அடங்கும். பிரிட்ஜுக்குப் பக்கத்தில், கம்பிகளுக்கு அடியில், ஸ்பாஞ்சு ஒரு துண்டு வெட்டி வைத்தேன். பழைய ஃபெண்டர்களில் பிரிட்ஜை மூடுகிற இரும்பு மூடியின் உள்ளே தொழிற்சாலையே இப்படி ஒரு ஸ்பாஞ்சு ஒட்டி அனுப்பியது. பலர் மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய பாஸின் சத்தம் தனக்கு ஏன் வரவில்லை என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

டெட்ராய்டில் மோடவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பாஸ் 1962 பிரசிஷன். தடித்த ஃப்ளாட்வவுண்ட், அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். மூடியும் ஸ்பாஞ்சும் அப்படியே இருந்தன. வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால்தான் மீட்டுவார். இரண்டு குமிழ் உள்ள பாஸ், ஒரு விரல்! பாஸில் ஒரு நோட் எங்கே தொடங்குகிறது என்பதை டிரம்ஸ்காரரும் சேர்ந்து தீர்மானிக்கிறார். எங்கே முடிகிறது என்பதை பாஸ்காரர் மட்டும்தான் தீர்மானிக்கிறார். பாட்டு ஆடுவதும் படுத்துவிடுவதும் அந்த முடிவில்தான் இருக்கிறது. பழைய பாஸிடம் நான் தேடுவது இதைத்தான். அது நோட்டைத் தானாகவே முடிக்கிறது. அடுத்த நோட்டுக்கு இடம் விடுகிறது.

ஜூன் 10

இரவு முழுக்க எண்பதுகளின் இளையராஜா. 1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டில் எல்லோரும் கிட்டாரைச் சொல்வார்கள். நான் பாஸை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன். ராஜாவுக்குப் பாஸ் என்பது கார்டின் முதல் சுரத்தைத் தட்டிக்கொண்டு நிற்கிற வேலை அல்ல. அது தனியாக ஒரு மெட்டு. பாடகர் மூச்சு விடும் இடத்தில் நகர்ந்து, அவர் திரும்பி வருவதற்குள் வாசலில் வந்து நிற்கும். அவருடைய குழுவில் வாசித்த சசிதரனின் பெயரை பாஸ் பிடிக்கிற ஒவ்வொரு தமிழ்ப் பையனும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பாட்டுப் புத்தகங்களில் அந்தப் பெயர் வராது.

டீக்கடை டிரான்சிஸ்டரில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் பாஸின் அடி ஈ கம்பியைத் தர முடியாது. அது நொடிக்கு 41 அதிர்வு. ஆனாலும் பாஸ் வரியை வாயால் முணுமுணுக்க நமக்குத் தெரிந்திருந்தது. கம்பி 41-இல் மட்டும் அதிர்வதில்லை. 82, 124, 165 என்று மேலேயும் சேர்ந்தே அதிர்கிறது. ஸ்பீக்கர் மேலே உள்ளவற்றைத் தருகிறது, இல்லாத அடியைக் காது தானே கட்டிக்கொள்கிறது. அந்த மேல் அதிர்வுகள் பிரசிஷன் பிக்கப்பில் தடிமனாக வரும். செல்போனில் பாட்டுக் கேட்கிற இந்தக் காலத்துக்கும் அதே கணக்குதான். ரெக்கார்டிங்கில் அடியை மட்டும் கூட்டிக்கொண்டே போகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுக்கவில்லை.

ஜூன் 15

ஞாயிறு. கோயிலில் காலை ஆராதனை. கையில் ஐந்து கம்பி ஆக்டிவ் பாஸ்.

பழையதை வாங்கிய கையோடு புதியதைத் திட்டுகிற பழக்கம் நம் வட்டத்தில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்றைய பாடல்கள் பலவற்றில் அடி சுரத்தைக் கீபோர்டில் போட்டுத்தான் எழுதுகிறார்கள். அது ஈ-க்குக் கீழே டி, சி என்று போய்விடுகிறது. நாலு கம்பிக்காரன் அங்கே ஒரு ஆக்டேவ் மேலே தாவ வேண்டும். வரி இறங்கி வந்து உட்காரும் இடத்தில் தாவினால் பாட்டின் முதுகு உடைகிறது. ஐந்தாவது கம்பியான பி, 31 அதிர்வு வரை இறங்குகிறது.

ஆக்டிவ் பாஸின் உள்ளே 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ப்ரீஆம்ப் இருக்கிறது. பழைய பாஸின் குமிழ் சத்தத்தில் உள்ளதைக் குறைக்க மட்டுமே செய்யும். இது கூட்டவும் செய்யும். நீளமான கேபிளிலும் ஒலி தேயாது. பழையது அரங்கத்துக்கு அரங்கம் கோபித்துக்கொள்ளும். இது எங்கே போனாலும் ஒரே மாதிரி. ஒரே நாளில் காலையில் ஆராதனை, மாலையில் கல்யாண மண்டபம் என்று ஓடுகிறவனுக்கு அது சின்ன உதவி அல்ல.

இதைத் தொடங்கி வைத்ததிலும் லியோ ஃபெண்டருக்குப் பங்கு உண்டு. 1951-இல் பிரசிஷன், 1960-இல் ஜாஸ் பாஸ், 1965 ஜனவரியில் கம்பெனியை சி.பி.எஸ்.-க்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். அதோடு ஓயவில்லை. 1976-இல் மியூசிக் மேன் ஸ்டிங்ரே வந்தது. ஆக்டிவ் பாஸ் கடைக்குக் கடை போனது அதனால்தான். கிட்டார் வாசிக்கத் தெரியாத மனிதர் அவர். வாசிக்கிறவர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டுச் செய்தார். பழைய பாஸ்தான் பாஸ் என்று அவரே நினைத்திருந்தால் ஸ்டிங்ரே வந்திருக்காது.

ஜூன் 19

ரெக்கார்டிங். ஒரே படம், இரண்டு பாட்டு. முதலாவதுக்கு ஐந்து கம்பி. இரண்டாவது மெதுவான காதல் பாட்டு, ஜே.வி.-யை எடுத்தேன். டோன் குமிழை முக்கால்வாசி மூடி, நெக் பக்கமாக மீட்டினேன். இசையமைப்பாளர் தம்பிக்கு வயது இருபத்தைந்துதான் இருக்கும். "அண்ணா, இதுல என்ன ப்ளகின் போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். ஸ்பாஞ்சை எடுத்துக் காட்டினேன்.

ஜூன் 23

ஃபிங்கர்போர்டுக்கு எண்ணெய் தடவினேன். ரோஸ்வுட். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரமும் இதே இனம்தான். பிரேசில் ரோஸ்வுட் அருகிப்போன பிறகு உலகின் ஏராளமான கிட்டார்களுக்குப் போனது நம் ஈட்டி. பிரேசில் ரோஸ்வுட்டின் வணிகம் 1992 முதல் உலக அளவில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. அந்த மரம் உள்ள அறுபதுகளின் ஃபெண்டரை வெளிநாட்டிலிருந்து வாங்க நினைப்பவர் விலையோடு அதற்கான அனுமதித் தாள்களையும் யோசிக்க வேண்டும். மற்ற ரோஸ்வுட் இனங்களுக்கும் 2017-இல் கட்டுப்பாடு வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்குக் கொடுத்தார்கள்.

இந்த ஊரின் உப்புக்காற்றைப் பற்றி விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை. மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து நெக் முன்னால் வளையும், ஏ.சி. அறையில் காய்ந்து திரும்பும். வாசித்து முடித்ததும் கம்பியைத் துடைக்க வேண்டும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல். பருவம் மாறும்போது டிரஸ் ராடில் கால் திருப்பு, அதற்கு மேல் ஒரே நாளில் கூடாது. பழைய மாடலில் அந்த ராடைத் திருப்பும் திருகு நெக்கின் வாலில், உடலுக்குள் இருக்கிறது. நெக்கைத் தளர்த்தித்தான் திருப்ப முடியும். புதியவற்றில் பெரும்பாலும் தலையிலேயே ஆலன் சாவி போடலாம்.

ஜூன் 26

பம்பாயிலிருந்து ஒரு சேகரிப்பாளர் பேசினார். ஜே.வி.-யை நான் கொடுத்ததைவிடக் கூடுதலாகத் தந்து வாங்கிக்கொள்கிறாராம். ஃப்ரெட் மாற்ற வேண்டாம், எதையும் தொட வேண்டாம், அப்படியே வேண்டும் என்றார். சந்தையின் கணக்கு அது. ஃப்ரெட் மாற்றினால் விலை இறங்கும். மறுபெயின்ட் அடித்தால் பாதியாகக்கூட இறங்கும்.

ஆனால் நான் வணங்குகிற பாஸ்களில் பல தொடப்பட்டவை. ஜாக்கோ பாஸ்டோரியஸின் 1962 ஜாஸ் பாஸில் ஃப்ரெட்டுகள் பிடுங்கப்பட்டு, படகுக்கு அடிக்கும் எபாக்சி பூசப்பட்டிருந்தது. 1976-இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்துக்குப் பிறகு பாஸ் வாசிப்பே மாறிப்போனது. மார்கஸ் மில்லரின் 1977 ஜாஸ் பாஸில் ரோஜர் சடோவ்ஸ்கி ப்ரீஆம்ப் வைத்துக் கொடுத்தார். இவை எதற்கும் எந்தச் சேகரிப்பாளரும் சம்மதித்திருக்க மாட்டார். தொடப்படாதவையும் பூட்டி வைத்துக் காத்த பொக்கிஷங்கள் அல்ல. ஹாம்பர்க்கில் 1961-இல் பால் மெக்கார்ட்னி வாங்கிய ஹாஃப்னர் பாஸ் சுமார் 30 பவுண்டுதான். 1972-இல் வேனிலிருந்து திருட்டுப் போய், 2024-இல்தான் கிடைத்த செய்தி வந்தது. ஜேமர்சனின் பிரசிஷன் 1983-இல் அவர் சாவதற்குச் சில நாள் முன்பு திருட்டுப் போனது.

சேகரிப்பாளருக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். தேயும் நாள் வந்தால் ஃப்ரெட் மாற்றுவேன்.

ஜூன் 29

ஆராதனை முடிந்ததும் கல்லூரிப் பையன் ஒருவன் வந்தான். சேமித்து வைத்திருக்கிறானாம், பழைய பாஸ் வாங்கட்டுமா என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். முதல் பாஸ் புதியதாகவே இருக்கட்டும். நாலு கம்பி போதும். கையில் உள்ள பணம் முழுவதையும் பாஸிலேயே போடாதீர்கள். கொஞ்சம் ஒதுக்கி, நல்ல ரிப்பேர்காரரிடம் செட்டப் செய்துகொள்ளுங்கள். செட்டப் செய்த மலிவு பாஸ், செட்டப் இல்லாத விலையுயர்ந்த பாஸைவிட நன்றாக வாசிக்கும். வருடத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நெக்கைப் பார்த்து வாங்குங்கள். பழைய பாஸ் உங்களுக்கு வாய்த்தால் கண்ணாடிப் பெட்டியில் மாட்டாதீர்கள், எடுத்து வாசியுங்கள்.