சின்னாச்சியின் இடக்கண்

“பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிட்டதாக எண்ணுமாம்” என்று ஒரு பழமொழி நம்மவரிடையே வழங்கி வருகின்றது. இப்பழமொழியை ஆக்கியவர் பூனை வளர்த்தவர் அல்லர் என்பது என் துணிபு. எங்கள் வீட்டுச் சின்னாச்சி ஆண்டுக்கு மூன்று நான்கு தடவை தன் இடக்கண்ணை மாத்திரம் மூடிக்கொள்ளும். அவ்வேளைகளில் உலகம் இருண்டுபோவது அதற்கன்று, எங்களுக்கே.

2018ஆம் ஆண்டுக் கார்த்திகை மழையில், வளவின் கோடிப்புறத்தில் விறகு அடுக்கிய கொட்டிலுக்குள்ளிருந்து எழுந்த மெல்லிய குரலைத் தொடர்ந்து சென்று, என் தாயார் அதனை முந்தானையில் ஏந்தி வந்தார். வயது ஒரு மாதத்துக்கு மேல் இராது. இரு கண்களும் பீளையினால் ஒட்டிப்போயிருந்தன. மூக்கால் நீர் வடிந்துகொண்டிருந்தது. கொதித்தாறிய நீரிற் பஞ்சை நனைத்து, ஒட்டிய இமைகளை இழுத்துப் பிரிக்காமல், பீளை தானாகவே இளகும்வரை ஒற்றியெடுத்தபடி அம்மா அன்றிரவு நெடுநேரம் குசினி வாசலில் அமர்ந்திருந்தார். “இது தப்பினால் என்ரை அப்பாச்சியைப் போலத் தொண்ணூறு வயசு இருக்கும்” என்றார். அந்த அப்பாச்சியின் பெயரே பூனைக்கும் வாய்த்தது. உறவினர் சிலருக்கு இதில் இன்றுவரை மனக்குறை உண்டு.

வலக்கண் நன்றாகத் தெளிந்தது. நம் நாட்டு வைடூரியத்தைப் பூனைக்கண் என்று ஏன் அழைத்தார்கள் என்பதை அக்கண்ணைப் பார்த்த எவரும் கேளாமலே அறிந்துகொள்வர். இடக்கண்ணிலோ கடுகளவான வெண்புகை ஒன்று நின்றுவிட்டது. அதுமட்டுமாயின் கவலையில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை நோய் திரும்பி வரலாயிற்று. முதல் நாள் ஒரு துளி நீர். அடுத்த நாள் கண் பாதியாகச் சுருங்கும். பூனைக்கு இயற்கை அளித்த மூன்றாவது இமை மூக்கோரத்து மூலையிலிருந்து மேலேறி விழியை மறைக்கும். மூன்றாம் நாள் வெளிச்சத்துக்கு அஞ்சிக் கட்டிலின் கீழ் ஒதுங்கிக்கொள்ளும். சூடை மீன் பொரிக்கும் மணம் கூட அதனை வெளியே அழைக்காது.

நோய் ஒன்று வெளிப்பட்டால் வைத்தியர் பலர் வெளிப்படுவது நமது ஊர்களின் இயல்பன்றோ? நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழியச் சொன்னார் ஒருவர். தாய்ப்பால் விடச் சொன்னார் இன்னொருவர்; அதனை யாரிடம் சென்று கேட்பது என்பதை அவர் கூறவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சியோ, “உங்கடை அம்மாவுக்குக் கண்புரை வெட்டினபோது தந்த துளிமருந்து மிச்சம் இருக்குமே; அதை விட்டுப் பாருங்கோ” என்றார். அம்மருந்து அலுமாரியில் இருந்தது உண்மை. அதனைப் பூனையின் கண்ணில் விடாமல், பூனையோடு சேர்த்துப் பட்டணத்து மிருக வைத்தியரிடம் எடுத்துச் சென்றேன்.

வைத்தியர் குப்பியின் எழுத்துக்களை வாசித்துவிட்டு அதை எட்ட வைத்தார். “இதிலே ஸ்டீரொயிட் கலந்திருக்கிறது. கண்ணின் மேற்படலத்திற் புண் இருந்தால் இது அந்தப் புண்ணை ஆறவிடாது, ஆழமாக்கிவிடும். முதலில் புண் இருக்கிறதா என்று பார்ப்போம்” என்றார். சாயம் ஊறிய மெல்லிய தாள் ஒன்றை நனைத்து இமையோரத்திலே தொட்டார். பின்னர் விளக்கை அணைத்து, நீலவொளி ஒன்றைக் கண்ணில் வீசினார். படலம் பழுதில்லாத இடத்தில் அச்சாயம் பற்றாது. புண்ணான இடத்திலே பச்சையாய் ஒளிவிடும். சின்னாச்சியின் கண்ணிலே சிறு மரக்கிளை ஒன்றை வரைந்தாற்போலப் பச்சைக் கோடு ஒன்று கிளைவிட்டுத் தெரிந்தது. பார்ப்பதற்கு அழகாயிருந்தது என்று சொல்ல நா கூசுகின்றது; ஆயினும் அழகாகவே இருந்தது.

கிளை பரப்பும் அத்தகைய புண் பூனைகளுக்குரிய ஹெர்பிஸ் வைரசின் கைவரிசையாம். அவ்வைரசு 1958ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே முதன்முதலாகப் பிரித்தறியப்பட்டது. பூனைகளுக்குத் தடிமனை உண்டாக்கும் முக்கியமான வைரசுகளுள் இதுவும் ஒன்று. பூனைக்குட்டி தாயிடமிருந்தோ உடன்பிறந்தவற்றிடமிருந்தோ இதனைப் பெற்றுக்கொள்கிறது. தடிமன் மாறியபின் வைரசு உடலைவிட்டு நீங்குவதில்லை. முகத்துக்கு உணர்ச்சியளிக்கும் நரம்பின் முடிச்சிலே போய் உறங்கும். பூனையின் மனமோ உடலோ கலங்கும்போது, அது விழித்து நரம்பு வழியே மீண்டும் கண்ணுக்கு இறங்கி வரும். மனிதருக்கோ நாய்க்கோ தொற்றாது. தடுப்பூசி தொற்றை முற்றாகத் தடுப்பதில்லை, கடுமையைக் குறைக்கும். “இதை முழுவதும் மாற்ற ஏலாது, வரும்போது அடக்கலாம், வருவதைக் குறைக்கலாம்” என்று வைத்தியர் சொன்னபோது எனக்கு ஏமாற்றத்தைவிட ஆறுதலே மிகுந்தது. பகைவன் இன்னான் என்று தெரிந்துவிட்டதல்லவா?

அன்று தொடங்கியதே அந்தச் சிறு கொப்பி. கண் கலங்கிய நாளையும் அதற்கு முந்திய பத்து நாட்களில் வீட்டில் நடந்தவற்றையும் அதில் எழுதி வந்தேன். கலக்கம் நேர்ந்து ஒரு வாரமளவிலே வைரசு வெளிப்படுவது வழக்கம் என்று வைத்தியர் கூறியிருந்தார். கொப்பியும் அதையே கூறிற்று. சுவருக்குப் பெயின்ற் அடித்து எட்டாம் நாள். தீபாவளி வெடிகளுக்குப்பின் ஆறாம் நாள். கனடாவிலிருந்து தமையனார் குடும்பத்தோடு வந்து தங்கியதன் ஒன்பதாம் நாள். இதனைத் தமையனாருக்கு அறிவிக்கவில்லை. ஊரார் குற்றஞ்சாட்டிய சோளகக் காற்றுப் புழுதிக்கும் நோய்க்கும் கொப்பியிலே தொடர்பு காணப்படவில்லை.

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வந்ததே கொடியது. மக்கள் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலம் அது. மனிதருக்கே மருந்து அரிதாயிருந்தது. ஓட்டோ கிடையாது. பிரப்பங்கூடையிற் பூனையை வைத்து, மூடியைக் கயிற்றாற் கட்டி, சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு பட்டணம் சென்றேன். பச்சைக் கோடு இம்முறை கோடாக இல்லை, குழியாக இருந்தது. துளிமருந்தோடு பம்சைக்ளோவிர் என்னும் மாத்திரையும் வேண்டுமென வைத்தியர் எழுதித் தந்தார். மனிதருக்கு அக்கி கண்டால் கொடுக்கப்படும் மருந்து அது. அதே குலத்தைச் சேர்ந்த வலசைக்ளோவிர் பூனைக்கு உயிர்க்கொல்லி என்றும், பெயர் ஒத்திருக்கிறது என்பதற்காக மாற்றி வாங்கிவிட வேண்டாம் என்றும் இருமுறை எச்சரித்தார். புண் துளைத்துவிட்டால் கண்ணை எடுத்துவிட நேரும் என்பதையும் மறைக்காமற் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதை எப்படிக் கூறுவது என்று தயங்கினேன். அம்மாவுக்கும் ஒரு கண்ணிலேதான் பார்வை. மற்றது கண்ணழுத்த நோயினாற் பல்லாண்டுகளுக்கு முன்பே போயிற்று. கேட்டிருந்துவிட்டு, “நோ இல்லாமல் இருந்தால் அதுக்குக் காணும், பிள்ளை. நான் ஒரு கண்ணோடை சீவிக்கேல்லையோ? எடுக்க வேணுமெண்டால் எடுக்கட்டும்” என்றார். பின்னர் எழுந்து சென்று பூனைக்கு மீனில் முள் எடுக்கலானார்.

கொழும்பிலிருந்த மைத்துனர் பல பார்மசிகள் ஏறி இறங்கிப் பத்து மாத்திரைகளை இரவு பஸ்ஸில் அனுப்பி வைத்தார். வைத்தியர் பூனையை நிறுத்துக் கணக்கிட்டுத் தந்தபடி அவற்றைத் துண்டாக்கிக் கொடுத்தோம். துளிமருந்து நாளுக்கு ஐந்து வேளை. பூனையை முன்னால் நின்று பிடிக்க முயல்பவர் தம் கையை இழப்பர். துவாயாற் சுற்றி, முதுகுப்புறமிருந்து அணைத்து, நாடியைச் சற்று உயர்த்தி, குப்பியின் நுனி கண்ணிற் படாதவாறு மேலிருந்து ஒரு துளி விழச் செய்யவேண்டும். இரண்டு மருந்துகளாயின் இடையிலே ஐந்து நிமிடம் விடவேண்டும். இறுதியில் ஒரு துண்டு மீன் கட்டாயம். நான் பாடசாலைக்குச் சென்றுவிடும் பகல் வேளைகளில் அம்மாவே மருந்து விட்டார். எண்பது வயதுக் கை நடுங்கும்; ஆனால் சின்னாச்சி அவரிடம் மாத்திரம் அசையாமல் இருந்தது.

மூன்று வாரத்திற் குழி நிரம்பியது. கண் தப்பியது. கடுகளவு இருந்த வெண்புகை மிளகளவாயிற்று. சின்னாச்சி மதிலேறும்போது இடப்பக்கத்தைச் சிறிது பிழையாகக் கணிக்கின்றது. எலிகளைப் பொறுத்தவரை மாற்றம் ஏதுமில்லை.

அதன்பின் வெளிநாட்டு உறவினர் ஒருவர் லைசின் என்னும் பொடியை அனுப்பினார். பூனை வளர்ப்போர் பலர் இந்நோய்க்கு அதனைக் கொடுத்து வந்தனர். ஆனால் அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி நோக்கி 2015ஆம் ஆண்டில் வெளியான கட்டுரை, அதனாற் பயனில்லை, கைவிடுவதே நன்று என்று கூறிவிட்டது. சின்னாச்சி அக்கட்டுரையை வாசித்திராவிடினும் பொடி கலந்த மீனை முகர்ந்துவிட்டு அப்பால் நடந்தது.

இப்போது எங்கள் முயற்சியெல்லாம் கலக்கத்தைக் குறைப்பதிலேயே. வெடி வெடிக்கும் நாட்களில் பின்னறையைச் சாத்தி, பழைய சேலை விரித்த பெட்டியில் அதனை விடுகிறோம். அம்மாவும் உள்ளே சென்று இருந்துகொள்கிறார். வெடிச்சத்தம் தமக்கும் ஆகாதாம். வருகிற ஆவணியில் மருமகளின் கலியாணம் எங்கள் முற்றத்தில் நடக்கவிருக்கின்றது. பந்தலும் மேளமும் ஒலிபெருக்கியும் எல்லாம் உண்டு. பின்னறையைப் பெண் அலங்காரத்துக்கு ஒதுக்கவேண்டும் என்று தமக்கையார் கேட்டிருக்கிறார். அந்த அறை முன்னரே கொடுத்தாகிவிட்டது என்று அம்மா சொல்லிவிட்டார். யாருக்கு என்பதை மாத்திரம் இன்னும் சொல்லவில்லை.