நங்கூரம் இறக்க ஓர் இடம்

ஊவா மாகாணத்துக்குக் கடல் இல்லை. பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களிலும் எங்கு நின்று நோக்கினாலும் மலையும் காடும் வயலும் தேயிலையுமே தோன்றும். நம் கல்லூரி மாணவர்களுட் சிலர் உயர்தர வகுப்புக்கு வந்த பின்னும் கடலைக் கண்ணாற் கண்டதில்லை. இத்தகைய ஊரில் இருந்துகொண்டு, பாய்மரப் படகுக்கு எங்கே இடம் தேடுவது என்று எழுதப் புகுவது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் உலகப் புகழ்பெற்ற பாய்மரப் படகுகளின் கதையொன்று நம் தேயிலை மலைகளோடு பின்னிக் கிடக்கிறது. அதனைத் தேடிச் சென்ற ஒருநாட் பயணம் எமக்கு வேறொரு பாடத்தையும் கற்பித்தது.

சில ஆண்டுகளுக்கு முன், சித்திரை விடுமுறையின்போது, மாணவர் பன்னிருவருடன் பதுளை நிலையத்திற் புகையிரதம் ஏறினோம். 1924ஆம் ஆண்டிலே பதுளையை எட்டிய பாதை இது. தெமோதரையில் வண்டி நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்துட் புகுந்து, மலையை ஒரு வட்டம் சுற்றி, அதே நிலையத்துக்கு மேலாக வந்து நிற்கும். பாம்பு தன் வாலின்மீது தலையை வைத்தாற்போன்ற அக்காட்சியைக் காண மாணவர் எல்லோரும் ஒரே பக்கத்து யன்னல்களில் நெருங்கினர். எல்ல, பண்டாரவளை, தியத்தலாவை கடந்து அப்புத்தளையில் இறங்கியபோது குளிர் காற்று முகத்தில் அறைந்தது. பதுளையிலும் பார்க்க ஏறக்குறைய 2,500 அடி உயரமான இடமன்றோ!

அப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைத் தோட்டத்துக்குப் பேருந்து உண்டு. தொழிற்சாலை வாயிலில் இறங்கி, தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும் பாதையில் நடந்தோம். கொழுந்து பறிக்கும் பெண்கள் தலைநிமிர்ந்து, "லிப்டன் சீட்டுக்கா, பிள்ளைகளா? மூடுபனி ஏறுறதுக்குள்ள போய்ச் சேருங்க" என்று சொல்லி அனுப்பினர். அவர்கள் சொன்னது சரியே. உச்சியை அடைந்தபோது வானம் தெளிந்திருந்தது. 6,000 அடிக்கு மேற்பட்ட அந்த முனையில் நின்றால் கீழே தோட்டங்களும், அவற்றுக்குக் கீழே சமவெளியும், சமவெளியிற் கண்ணாடித் துண்டுகள்போலக் குளங்களும் தெரியும். தெற்கே வானமும் நிலமும் கூடுமிடத்தில் ஒரு வெண்கோடு தோன்றியது. "அதுதான் கடல்" என்றான் ஒருவன். "மூடுபனி" என்றான் மற்றவன். வழக்கைத் தீர்க்க எம்மால் இயலவில்லை.

தோமஸ் லிப்டன் இங்கிருந்துதான் தம் மலைகளைப் பார்வையிட்டார் என்பர். கிளாஸ்கோ நகரில் வறிய பெற்றோருக்குப் பிறந்து, 1871இல் சிறு பலசரக்குக் கடை திறந்தவர் அவர். 1869இல் நம் நாட்டிற் கோப்பியைத் தாக்கிய இலைநோய் அப்பயிரையே அழித்தபோது தோட்டங்களின் விலை வீழ்ந்தது. 1890இல் இலங்கைக்கு வந்த லிப்டன் தம்பேதன்னை முதலிய தோட்டங்களை மலிவாக வாங்கினார். தேயிலை அவரைக் கோடீசுவரர் ஆக்கிற்று.

அச்செல்வத்தைக் கொண்டு அவர் ஆசைதீரச் செய்தது பாய்மரப் படகோட்டப் போட்டி. அமெரிக்கக் கிண்ணம் எனப்படும் பரிசை வெல்ல, 1899, 1901, 1903, 1920, 1930 ஆகிய ஆண்டுகளில் ஐந்து படகுகளை அனுப்பினார். ஐந்துக்கும் பெயர் ஒன்றே: ஷம்றொக். ஐந்தும் தோற்றன. ஆனால் தோல்வியிலும் அவர் காட்டிய பெருந்தன்மையைக் கண்ட அமெரிக்க மக்கள் தாமே பணம் திரட்டி ஒரு பொற்கிண்ணத்தைப் பரிசளித்தனர். இங்கிலாந்தின் மிக உயர்ந்த படகோட்டச் சங்கமோ, கடைக்காரரான அவரைத் தன் அங்கத்தவராக 1931இலேதான் ஏற்றது. அவ்வாண்டிலேயே அவர் காலமானார். பெருஞ்செல்வருக்குங்கூட ஒதுங்க இடம் தராத துறைகள் உலகில் இருந்தன.

இக்கதையைச் சொல்லி முடித்ததும் ஒரு மாணவன், "சேர், அப்படியொரு படகை வாங்கி அதிலேயே குடியிருக்க ஒருவர் விரும்பினால், முதலில் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டான்.

"குடியேறுமுன் அதை நிறுத்த இடம் பார்க்க வேண்டும்" என்றோம். தரையில் ஒரு குச்சியாற் படம் வரைந்து விளக்கலானோம்.

பந்தயப் படகின் பாய் மிகப் பெரியது; அதன்மேற் காற்று மோதினால் படகு சரியும். சரியும் படகை நிமிர்த்துவதற்காக அடியில் ஆழ்ந்த கட்டை அமைத்து, அதில் பல தொன் ஈயத்தை ஏற்றுவர். ஐந்தாவது ஷம்றொக்கின் அடிப்பாகம் நீர்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 15 அடி தாழ்ந்திருந்தது. மீனவரின் வள்ளம் எந்தக் கரையிலும் ஏறிவிடும். இத்தகைய படகு அப்படி ஒதுங்க முடியாது. ஆழமே அதன் பலம். ஆழமே அதன் சங்கடமும் ஆகும்.

ஆகவே அதன் சொந்தக்காரன் நான்கு காரியங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, வற்று நேரத்திலும் போதிய ஆழம் இருக்க வேண்டும். நம் கரைகளில் வற்றுப்பெருக்கின் வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவே. இங்கிலாந்தின் சில கரைகளிலோ வீட்டு உயரத்துக்கு நீர் ஏறி இறங்கும். இரண்டாவது, அடித்தரை. மணலும் சேறும் நங்கூரத்தைப் பற்றிக்கொள்ளும். பாறையும் முருகைக்கல்லும் ஒன்றில் அதை வழுக்க விடும், அன்றேல் சிக்க வைத்துவிடும். முற்காலத்து மாலுமிகள் ஈயக்குண்டின் அடியிற் கொழுப்பைப் பூசிக் கயிற்றில் இறக்குவார்கள். கயிறு ஆழத்தைச் சொல்லும். கொழுப்பில் ஒட்டி வரும் மண் தரையின் குணத்தைச் சொல்லும். மூன்றாவது, சுழல இடம். நங்கூரச் சங்கிலியை நீரின் ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு நீளத்துக்கு விடுவது வழக்கம். அப்போதுதான் அது தரையிற் படிந்து நங்கூரத்தைக் கிடையாக இழுக்கும். 30 அடி ஆழத்துக்கு 150 அடிச் சங்கிலி. காற்றுத் திசை மாறும்போது படகு அவ்வளவு பெரிய வட்டத்தைச் சுற்றி வரும். அவ்வட்டத்துள் பாறையோ வேறு படகோ இருத்தல் ஆகாது. நான்காவது, ஒதுக்கு.

நம் நாட்டில் நான்காவதே பெரிது. வைகாசி முதல் புரட்டாதிவரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு, தெற்குக் கரைகளைக் கொந்தளிக்கச் செய்யும். மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றுக் கிழக்குக் கரையைத் தாக்கும். ஒரு பருவத்தின் அமைதியைக் கண்டு குடியேறியவன் அடுத்த பருவத்தில் ஓட நேரிடும். காலித் துறையின் பாறைகளுக்கு அஞ்சியே, 1875இற் கொழும்பில் அலைதடுப்புக் கட்டத் தொடங்கினர். அது எழுந்தபின் கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்கு மாறின. எக்காற்றுக்கும் அஞ்சாத இயற்கைத் துறை திருகோணமலை. ஆனால் அங்கும் சில இடங்களில் ஆழம் மிகுதி, சங்கிலி போதாது. ஆழம் குறைந்தாலும் தொல்லை, மிகுந்தாலும் தொல்லை!

மாணவர் சிரித்தனர். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. ஊவாவின் வேறொரு தோட்டத்திலிருந்து வருபவன் அவன். "சேர், அப்பா சொன்னதும் இதைத்தானே?" என்றான்.

எமக்குச் சுருக்கென்றது.

அதற்கு முந்திய ஐப்பசி மழையின்போது அவன் குடும்பம் வாழ்ந்த லயனுக்குப் பின்புறம் நிலத்தில் ஒரு வெடிப்புக் கண்டது. மரங்கள் சற்றே சாய்ந்தன. இல்லாத இடத்திற் கலங்கல் ஊற்று எழுந்தது. காம்பராக் கதவு நிலையில் இறுகிற்று. மண்சரிவு வருமுன் மலை காட்டும் அறிகுறிகள் இவை. 2014 ஒக்தோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுள் மறைந்ததை ஊவாவில் யார் மறப்பார்? அங்கும் முன்னரே எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. எனவே நாம் அவன் வீட்டுக்குப் போய், இஸ்தோப்பில் அமர்ந்து, உடனே வெளியேறுமாறு அவன் தந்தைக்கு நீண்ட உபதேசம் செய்தோம்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பின், "போகச் சொல்றீங்க சேர், நல்லதுதான். பள்ளிக்கூடத்துல ஒரு வாரம் படுப்போம். அதுக்கப்புறம் எங்க போறது?" என்றார்.

எம்மிடம் விடை இருக்கவில்லை. அறியாமையால் அடம்பிடிக்கிறார் என்று எண்ணிக்கொண்டு வந்துவிட்டோம். மழை பெய்த இரவுகளில் அவர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் உறங்கவைத்து, விடியலில் அழைத்து வந்தார் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

மலையுச்சியில் நின்றபோது அக்கேள்வியின் பொருள் விளங்கிற்று. அவருடைய முன்னோர் தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக மலைக்கு வந்தவர்கள். அவர்கள் திருத்திய மலை அவர்களுக்குச் சொந்தமாகவில்லை. குடியிருந்த காம்பராவும் தோட்டத்துக்கே உரியது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் பெரும்பாலாரை நாடற்றவர் ஆக்கியது. 1964இற் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் முடிவாயிற்று. நாடற்றிருந்த மிச்சப் பேருக்கு உரிமை கிட்டியது 2003இல். தலைமுறை தலைமுறையாகப் பிறர் சொன்ன இடத்துக்குப் போனவர்கள், போகுமுன் இடத்தைக் காட்டு என்று கேட்பது அடமாகுமா? மீரியபெத்தையில் உயிர்தப்பியோரும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தற்காலிக இடங்களிற் காத்திருந்த பின்னரே புது வீடுகளைக் கண்டனர்.

"ஆம், தம்பி. உன் அப்பா சொன்னதுதான் சரி. நாமே அவசரப்பட்டுவிட்டோம்" என்றோம். அவன் தெற்கே அந்த வெண்கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். சிறிது நேரத்தில் மூடுபனி ஏறி எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

திரும்பி வந்தபின் உபதேசத்தை விட்டு, விண்ணப்பம் எழுதும் வேலையைத் தொடங்கினோம். பிரதேச செயலகத்துக்கும் பிற காரியாலயங்களுக்கும் அத்தந்தையுடன் எத்தனை முறை போனோம் என்று கணக்கில்லை. ஈராண்டுக்குப் பின், வேறொரு சரிவில், குடும்பத்துக்கு ஏழு பேர்ச் வீதம் காணி அளந்து முளை அடித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எம்மை அங்கே அழைத்துச் சென்றார். முளைகளைக் காட்டியபின் குனிந்து, மண்ணை ஒரு பிடி தோண்டி எடுத்து, விரல்களால் உதிர்த்து முகர்ந்து பார்த்தார். கொழுப்பில் ஒட்டி வந்த மண்ணை ஆராயும் பழைய மாலுமியின் நினைவு எமக்கு வந்தது.

"வெயில்ல பாத்தா எல்லா நெலமும் நல்ல நெலந்தான் சேர். மழையில பாக்கணும்" என்றார்.

"மழைக்கு வருவோம்" என்றோம்.

ஐப்பசியிற் போனோம். மழை கொட்டிக்கொண்டிருந்தது. தந்தையும் மகனும் நாமும் இரு குடைகளுக்குள் ஒடுங்கி, ஒரு மணி நேரம் அச்சரிவில் நின்றோம். மேலிருந்து வந்த நீர் காணியைத் தொடாமல், பக்கத்துக் கானில் விழுந்து, கலங்காமல் ஓடியது. நான்கு முளைகளும் அடித்தபடியே நிமிர்ந்து நின்றன.

அவர் கடைசி முளையை ஒருமுறை அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

"இங்க கட்டலாம் சேர்" என்றார்.